ஹேண்டிகேம் பதிவுகளை எடிட்டிங்குக்குக் கொண்டுபோவது: மாற்றுவதா, அப்படியே வைப்பதா?

எங்கள் வீட்டு பீரோவின் மேல்தட்டில் ஒரு துணிப்பைக்குள் 14 மினிடிவி கேசட்டுகள் இருக்கின்றன. பக்கத்திலேயே, பிறகு வாங்கிய ஹேண்டிகேமில் எடுத்த எம்டிஎஸ் கோப்புகள் நிறைந்த ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. அக்காவின் திருமணம் கேசட்டிலும் தம்பியின் திருமணம் ஹார்ட் டிஸ்க்கிலும் கிடக்க, இரண்டிலிருந்தும் காட்சிகளை எடுத்து ஒரு மணி நேரக் குடும்பப் படமாகத் தொகுக்க உட்கார்ந்தேன். எடிட்டிங் மென்பொருளைக் கற்றுக்கொள்ள ஆன நேரத்தைவிட, பதிவுகளை எந்த வடிவத்தில் அதற்குள் கொண்டுபோவது என்று முடிவு செய்யவே அதிக நாள் ஆயிற்று. அதே முடிவின் முன் நிற்பவர்களுக்காக, இருக்கிற வழிகளை இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. ‘கன்வெர்ட் செய்வது’ என்று நாம் பொதுவாகச் சொல்லும்போது, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று வேலைகளை ஒரே சொல்லால் குறிப்பிடுகிறோம். படமும் ஒலியும் அப்படியே இருக்க, அவற்றைச் சுற்றியுள்ள கொள்கலனை மட்டும் மாற்றுவது ஒரு வேலை; எம்டிஎஸ் கோப்பு எம்பி4 கோப்பாகும், உள்ளே ஒரு புள்ளிகூட மாறாது. படத்தை முழுவதுமாக விரித்து வேறொரு கோடெக்கில், அதாவது வேறொரு சுருக்கும் முறையில், மீண்டும் சுருக்குவது இரண்டாவது வேலை. படத்தின் அளவு, விநாடிக்கு எத்தனை ஃபிரேம், இன்டர்லேஸ் அமைப்பு (ஒரு ஃபிரேமை இரண்டு பாதிகளாகப் பதிவு செய்யும் முறை) ஆகிய அடிப்படைத் தன்மைகளையே மாற்றுவது மூன்றாவது. முதல் வேலையால் இழப்பு எதுவும் இல்லை. இரண்டாவதால் வரும் இழப்பு நாம் தேர்ந்தெடுக்கும் கோடெக்கைப் பொறுத்தது. மூன்றாவதைத் தவறாகச் செய்துவிட்டால், அதன் விளைவைத் திரும்பப் பெறவே முடியாது. ‘எம்பி4 ஆக்கு’ என்ற ஒரே பொத்தானைக் கொண்ட மென்பொருள்கள் பெரும்பாலும் இந்த மூன்றையும் நம்மைக் கேட்காமல் சேர்த்தே செய்துவிடுகின்றன என்பதால்தான் இந்தப் பிரிவினையை முதலில் சொல்கிறேன்.

கேசட்டிலிருந்து வருவது

மினிடிவி கேசட்டில் பதிவாகும், 1995-இல் வந்த டிவி (DV, டிஜிட்டல் வீடியோ) வடிவம் எடிட்டிங்குக்கு மிகவும் இணக்கமானது. அதில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியே சுருக்கப்பட்டிருக்கிறது. படத்துக்கு விநாடிக்கு 25 மெகாபிட் செலவாகிறது. ஒலியையும் சேர்த்து ஒரு மணி நேரக் கேசட் கணினியில் ஏறக்குறைய 13 ஜிபி இடம் பிடிக்கும். இந்தியாவில் விற்ற கேமராக்கள் பால் (PAL) என்னும் ஒளிபரப்பு முறையில் 720க்கு 576 புள்ளிகளோடு பதிவு செய்தவை. அந்த நாளில் 13 ஜிபி என்பது மலைப்பான அளவு; அதனால்தான் அன்று பலரும் கேசட்டை டிவிடியாக மாற்றிவிட்டு, டிவிடியையே மூலமாகக் கருதிவிட்டார்கள். இன்று ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் நூறு கேசட்டுகளுக்குமேல் அடங்கும்போது, டிவி பதிவை எதற்காகவும் சுருக்க வேண்டிய தேவை இல்லை.

கேசட்டைப் பொறுத்தவரை உண்மையான தேர்வு கணினிக்குள் கொண்டுவரும் வழியில்தான் இருக்கிறது. ஃபயர்வயர் கம்பி வழியாக எடுத்தால் நாடாவில் உள்ள எண்ணியல் தகவல் அப்படியே கோப்பாகிறது. அது நகலெடுத்தலே தவிர மாற்றம் அன்று. மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் கொண்ட கம்பியைச் சிறிய யுஎஸ்பி கேப்சர் கருவியில் செருகினால், எண்ணியல் பதிவு ஒருமுறை அனலாக் சிக்னலாகி, மறுபடி எண்ணியலாகிறது. நிறங்கள் மங்கி, விளிம்புகளில் பிசிறு சேர்கிறது. இதே கேமராக்களின் யுஎஸ்பி துளை பெரும்பாலும் நிழற்படங்களுக்கும் தரம் குறைந்த நேரலைக்கும் வைக்கப்பட்டது என்பதால், அதை நம்பி இறங்கிப் பயனில்லை. மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் அட்டை ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம். மேக் வைத்திருப்பவர்கள் 2025-இல் வந்த மேக்ஓஎஸ் 26 பதிப்பில் ஃபயர்வயர் ஆதரவு நீக்கப்பட்டுவிட்டதை நினைவில் வைத்து, பழைய பதிப்பிலேயே இயங்கும் ஒரு கணினியை இந்த வேலை முடியும்வரை ஒதுக்கிவைக்க வேண்டும். கேசட் ஓடும் நேரத்தில்தான் பதிவாகும் என்பதால் 14 கேசட்டுகளுக்கு 14 மணி நேரம் பிடித்தது. அந்த நேரத்தை நான் வருத்தமில்லாமல் கொடுத்தேன். அதைவிடப் பழைய ஹை8, வீடியோ8 கேசட்டுகள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. டிஜிட்டல்8 கேமராக்களில் சில மாதிரிகள் அந்த அனலாக் நாடாக்களையும் ஓட்டி, ஃபயர்வயர் வழியே டிவி வடிவத்திலேயே வெளியே தரும்.

மெமரி கார்டிலிருந்து வருவது

2006-இல் சோனியும் பானாசோனிக்கும் சேர்ந்து அறிவித்த ஏவிசிஎச்டி வடிவம்தான் வீட்டு எடிட்டர்களை அதிகம் சோதித்த வடிவம். படம் ஹெச்.264 கோடெக்கில், ஒலி பெரும்பாலும் டால்பியின் ஏசி-3 கோடெக்கில், கொள்கலன் எம்டிஎஸ் என்று அமைந்த இதில், ஒரு மணி நேர முழு எச்டி பதிவு விநாடிக்கு 17 மெகாபிட் என்ற கணக்கில் 8 ஜிபிக்கும் குறைவாகவே இடம் பிடிக்கும். கேசட்டைவிடப் பல மடங்கு நுணுக்கமான படம் கேசட்டைவிடக் குறைந்த இடத்தில் அடங்கியது எப்படி என்று கேட்டால், அதன் விலையை எடிட்டிங் நேரத்தில் நம் கணினி கொடுக்கிறது என்பதே பதில்.

டிவி பதிவின் ஃபிரேம்களைத் தனிப்பாடல்களாகக் கொண்டால், ஏவிசிஎச்டியின் ஃபிரேம்கள் அந்தாதி. ஏறக்குறைய அரை விநாடிக்கு ஒருமுறைதான் ஒரு முழுப் படம் பதிவாகிறது. இடையில் வருபவை எல்லாம் முன்னும் பின்னும் உள்ள படங்களிலிருந்து எது மாறியது என்ற குறிப்புகள் மட்டுமே. வரிசையாகப் பார்க்கும்போது இதில் சிக்கல் எதுவும் தெரியாது. நடுவில் ஒரு ஃபிரேமில் நிறுத்தி, இரண்டு ஃபிரேம் பின்னால் போய், அங்கே வெட்ட வேண்டும் என்னும்போது, கணினி ஒவ்வொரு முறையும் முந்தைய முழுப் படத்துக்குப் போய் அங்கிருந்து கட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. காட்சிகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் சுட்டியை இழுக்கும்போது படம் திக்கித் திணறி வருவதற்குக் காரணம் இதுதான். கோப்பு பழுதாகிவிட்டது என்று பலர் தவறாக நினைத்துவிடுகிறார்கள்.

ஹார்ட் டிஸ்க் கேமராக்கள் தந்த எம்ஓடி கோப்புகளும், சிறிய டிவிடியில் பதிவு செய்த கேமராக்களின் விஓபி கோப்புகளும் எம்பெக்-2 வகை. இன்றைய மென்பொருள்கள் அவற்றைத் தடையின்றித் திறக்கின்றன. எம்ஓடி கோப்பின் பின்னொட்டை எம்பிஜி என்று மாற்றினாலே பல இடங்களில் போதும்; அகலத்திரைப் பதிவு ஒடுங்கித் தெரிந்தால் எடிட்டருக்குள் 16க்கு 9 என்று குறிப்பிட்டுவிடலாம்.

நான்கு வழிகள்

மூலத்தை அப்படியே டைம்லைனில் போடுவது முதல் வழி. கேடென்லைவ், ஷாட்கட் போன்ற இலவச மென்பொருள்கள் எஃப்எஃப்எம்பெக் என்னும் திறந்த மூல நூலகத்தின்மேல் கட்டப்பட்டவை. இந்தக் கட்டுரையில் பெயர் வரும் எல்லா வடிவங்களையும் அவை நேரடியாகவே திறக்கும். ஹெச்.264-ஐ வன்பொருளிலேயே விரிக்கும் வசதியுள்ள இன்றைய கணினியில், ஒரே அடுக்கில் வெட்டி ஒட்டும் எளிய வேலைக்கு இதற்குமேல் எதுவும் தேவைப்படாது. தரத்தில் இழப்பில்லை, வட்டில் கூடுதல் இடமும் வேண்டாம்.

இந்த முதல் வழியோடு ப்ராக்ஸியைச் சேர்த்துக்கொள்வது இரண்டாவது வழி. எடிட்டர் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சிறிய, இலகுவான பிரதியைத் தயாரித்து, வெட்டும் நேரத்தில் அதைக் காட்டுகிறது. இறுதியில் படத்தை ஏற்றுமதி செய்யும்போது மூலக் கோப்புக்கே திரும்பிவிடுகிறது. கேடென்லைவ், ஷாட்கட், டாவின்சி ரிசால்வ் ஆகிய மூன்றிலும் இந்த வசதி உண்டு. பழைய லேப்டாப்பில் எடிட் செய்பவருக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். ப்ராக்ஸி எவ்வளவு மட்டமான தரத்தில் இருந்தாலும் இறுதிப் படத்தில் அதன் சுவடு விழாது, வேலை முடிந்ததும் அழித்துவிடலாம். நிறத்தைச் சீர்செய்யும்போதும் ஃபோகஸைப் பார்க்கும்போதும் மட்டும் ப்ராக்ஸியை அணைத்துவிட்டு மூலத்தைப் பார்க்க வேண்டும். 

மூன்றாவது வழி, புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் போன்ற இடைநிலைக் கோடெக்குக்கு எல்லாப் பதிவுகளையும் மாற்றிக்கொள்வது. இவை எடிட்டிங்குக்கென்றே உருவாக்கப்பட்டவை. ஒவ்வொரு ஃபிரேமும் தனித்து நிற்கும் என்பதால் சுட்டியை இழுத்த இடத்தில் படம் உடனே வந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியும் இழப்பும் இல்லை. வட்டில் பிடிக்கும் இடம்தான் சிக்கல். விநாடிக்கு 25 ஃபிரேம் கொண்ட முழு எச்டி படத்துக்குப் புரோரெஸ் 422 விநாடிக்கு 122 மெகாபிட் எடுத்துக்கொள்கிறது. 8 ஜிபிக்குள் இருந்த ஒரு மணி நேரம் 55 ஜிபியாகிவிடும். புரோரெஸின் இலகுவான எல்டி வகையைத் தேர்ந்தெடுத்தால் 38 ஜிபி. இப்படிக் கோப்பு பெருத்துவிட்டதால் தரம் கூடிவிட்டது என்று எண்ணக் கூடாது. மூலத்தில் இல்லாத நுணுக்கத்தை எந்தக் கோடெக்காலும் சேர்க்க முடியாது. மென்பொருள் மூலக் கோப்பையே திறக்க மறுக்கும்போதும், ஒரே காட்சியின்மேல் பல அடுக்கு வேலைகள் செய்யும்போதும், இன்டர்லேஸை உயர்ந்த முறையில் ஒருமுறை நீக்கி வைத்துக்கொள்ள விரும்பும்போதும் இந்த வழிக்கு நியாயம் உண்டு. ஷட்டர் என்கோடர் போன்ற இலவசக் கருவிகள் இதைச் சுலபமாகச் செய்கின்றன.

சிறிய எம்பி4 கோப்பாக மாற்றிக்கொள்வது நான்காவது வழி. அதிகம் பேர் போகும் வழியும் இதுதான் என்பது எனக்குக் கவலை தருகிறது. இப்படி மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் என்னும் மென்பொருள் மிகச் சிறந்த கருவி, ஆனால் முடிந்த படத்தை உறவினர்களுக்கு அனுப்புவதற்கான கருவி. அதில் தயாரான கோப்பும் அந்தாதி வகையே என்பதால் எடிட்டிங் வேகத்தில் பெரிய லாபம் கிடைக்காது. ஏற்கெனவே சுருக்கிய படத்தை மறுபடி சுருக்கியிருக்கிறோம், எடிட்டிங் முடிந்ததும் மூன்றாம் முறை சுருக்கப்போகிறோம். இருட்டான மண்டபத்தில் எடுத்த காட்சிகளில் இந்த மூன்றாம் சுருக்கம் கட்டம் கட்டமாகத் தெரியும். வேறு வழியின்றி இதைப் பயன்படுத்த நேர்ந்தால், ஃபிரேம் வேகத்தை மாறாத வேகம் என்று வைக்க மறக்கக் கூடாது. மாறும் வேகத்தில் தயாரான கோப்பு சில எடிட்டர்களில் ஒலியையும் உதட்டசைவையும் மெல்ல மெல்லப் பிரித்துவிடும். இணையதளத்தில் ஏற்றி மாற்றித் தரும் சேவைகளை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் உள்ள பல ஜிபி பதிவை முகமறியாத ஒரு சர்வருக்கு அனுப்ப வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

இன்டர்லேஸ் என்னும் கண்ணி

மேற்சொன்ன நான்கில் எதைத் தேர்ந்தாலும், மாற்றம் நடக்கும் இடத்தில் கெட்டுப்போகும் வாய்ப்பு அதிகம் உள்ளது இன்டர்லேஸ்தான். நம் ஊர் கேமராக்கள் விநாடிக்கு 25 ஃபிரேம் என்று சொல்லிக்கொண்டாலும், ஒவ்வொரு ஃபிரேமிலும் வெவ்வேறு கணத்தில் எடுத்த இரண்டு ஃபீல்டுகள், ஒற்றைப்படை வரிகளில் ஒன்றும் இரட்டைப்படை வரிகளில் இன்னொன்றுமாகப் பின்னிக்கிடக்கின்றன. ஆகவே விநாடிக்கு 50 அசைவுகள் பதிவாகியிருக்கின்றன.

ஃபயர்வயர் அட்டை கிடைப்பதற்குமுன், இரண்டு கேசட்டுகளை ஒரு கடையில் கொடுத்து எம்பி4 ஆக மாற்றி வாங்கினேன். அதில் அக்காவின் திருமணத்துக்கு முந்தைய நாள் பெண்கள் கும்மியடிக்கும் காட்சி இருக்கிறது. குனிந்து நிமிரும் கைகளில் பச்சைக் கண்ணாடி வளையல்கள். கை அசையும்போதெல்லாம் வளையலின் விளிம்பு சீப்புப் பற்களைப் போலச் சிதறித் தெரிந்தது. மாற்றியவர்கள் ஃபீல்டுகளைப் பிரிக்காமலேயே படத்தை 720 வரிகளுக்குப் பெரிதாக்கியிருந்தார்கள். பெரிதாக்கும்போது இரண்டு ஃபீல்டுகளின் வரிகளும் ஒன்றோடொன்று கலந்து அரைபட்டுவிடுவதால், அதன்பிறகு இன்டர்லேஸை நீக்கும் எந்த டீஇன்டர்லேஸ் வடிகட்டியாலும் அவற்றைப் பிரிக்க முடியவில்லை. கேசட்டைத் திரும்ப வாங்கிவந்திருந்ததால் பிழைத்தேன். பின்னர் ஃபயர்வயரில் எடுத்த அதே காட்சியில் ஒவ்வொரு வளையலும் தனித்தனியே தெரிகிறது.

எனவே என் கருத்து இது. இன்டர்லேஸ் பதிவை மூலமாகச் சேமிக்கும்போது இன்டர்லேஸாகவே விட்டுவிட வேண்டும். நீக்குவதை எடிட்டரிடமோ கடைசி ஏற்றுமதியிடமோ விட வேண்டும். முன்கூட்டியே நீக்குவதானால் ஒரு ஃபீல்டை ஒரு ஃபிரேமாக்கி விநாடிக்கு 50 ஃபிரேம் தரும் முறையைத் தேர்ந்தெடுத்தால் கும்மி, கரகம், ஓடும் குழந்தைகள் ஆகிய காட்சிகளில் அசைவு இயல்பாக வழுக்கிச் செல்லும். 25 ஃபிரேமாகச் சுருக்கினால் பதிவான அசைவில் பாதியை இழக்கிறோம். பரவலாகப் பயன்படும் யாடிஃப் என்னும் டீஇன்டர்லேஸ் வடிகட்டியில் இரண்டு முறைகளும் உண்டு, எதுவும் சொல்லாவிட்டால் 25 தருவதே அதன் வழக்கம். ஃபீல்டு வரிசையையும் கவனிக்க வேண்டும். டிவி கேசட்டில் கீழ் ஃபீல்டு முந்தியது, ஏவிசிஎச்டியில் மேல் ஃபீல்டு முந்தியது. இரண்டையும் ஒரே டைம்லைனில் கலக்கும்போது வரிசை தவறினால், நடப்பவர்கள் இரண்டடி முன்னே வைத்து ஓரடி பின்னே வைப்பதைப் போல அதிர்வார்கள். 2011-இல் விரிவான ஏவிசிஎச்டியின் 50பி முறையில் (இன்டர்லேஸ் இல்லாமல் விநாடிக்கு 50 முழு ஃபிரேம்) பதிவு செய்த கேமரா உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

இதே இடத்தில் புள்ளியின் வடிவத்தையும் சொல்லிவிடுகிறேன். பால் டிவி பதிவின் புள்ளிகள் சதுரமானவை அல்ல. 720க்கு 576 என்பதை அப்படியே சதுரப் புள்ளிகளாகக் காட்டினால் எல்லோரும் சற்று மெலிந்து தெரிவார்கள். எடிட்டரில் 4க்கு 3 என்று குறிப்பிட்டால் போதும். அதற்காகப் படத்தை மாற்றிப் பெரிதாக்கி வைக்க வேண்டாம்.

ஒலியும் ஒட்டும் இடமும்

எம்டிஎஸ் கோப்பு திறந்து, படம் வந்து, ஒலி மட்டும் வரவில்லை என்றால் குற்றவாளி பெரும்பாலும் ஏசி-3 தான். இதற்காக முழுக் கோப்பையும் மாற்றுபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. எஃப்எஃப்எம்பெக் அடிப்படையிலான எந்தக் கருவியிலும் படத்தை அப்படியே நகலெடுத்து, ஒலியை மட்டும் சுருக்கப்படாத பிசிஎம் ஆக்கி, எம்ஓவி கொள்கலனில் வைக்கலாம். மறுசுருக்கம் இல்லாததால் ஒரு மணி நேரப் பதிவு சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

தம்பியின் திருமணப் பதிவில் நேர்ந்தது வேறு. எங்கள் கேமரா நீளமான பதிவை 2 ஜிபிக்கு ஒரு கோப்பாகத் துண்டாக்கி எழுதும். எங்கள் தரத்தில் அது ஏறக்குறைய 16 நிமிடம். கெட்டிமேளம் முழங்க, தாலி ஏறுகிற அந்த இடத்தில்தான் ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கியிருந்தது. இரண்டையும் தனித்தனியே மாற்றி டைம்லைனில் அடுத்தடுத்து வைத்தபோது, தவில் ஒலி இமைப்பொழுது அறுந்து மறுபடி எழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அந்த இடைவெளி தெரியும். துண்டுகளை மாற்றுவதற்குமுன், பைனரி முறையில் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி ஒரே எம்டிஎஸ் ஆக்கினால் இடைவெளி போய்விடும். எம்டிஎஸ் அப்படி ஒட்டுவதற்கு இடம் தரும் கொள்கலன், எம்பி4 அப்படி அன்று. கேமராவுடன் தந்த மென்பொருள் வழியாக இறக்கினாலும் பெரும்பாலும் ஒட்டியே கிடைக்கும். ஐமூவி போன்றவை கார்டின் கோப்புறை அமைப்பைப் படித்தே துண்டுகளை இணைக்கின்றன என்பதால், கார்டிலிருந்து எம்டிஎஸ் கோப்புகளை மட்டும் பொறுக்கியெடுக்காமல், பிரைவேட் என்ற கோப்புறையை முழுவதுமாக நகலெடுத்து வைப்பதே நல்லது.

முழுக் கோப்புறையை வைத்துக்கொள்வதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. எம்டிஎஸ் கோப்புகளின் பெயர் வெறும் ஐந்திலக்க எண்; கார்டை ஃபார்மட் செய்தபின் எண் மறுபடி தொடக்கத்திலிருந்து வரக்கூடும், ஒரே கோப்புறையில் கொட்டினால் ஒரு விழாவின்மேல் இன்னொரு விழா எழுதப்பட்டுவிடும். படம்பிடித்த தேதியும் நேரமும் மூலக் கோப்புக்குள் பதிந்திருக்கின்றன. மறுசுருக்கம் செய்த பிரதியில் அவை பெரும்பாலும் இருக்காது. குழந்தை முதலில் நடந்த நாள் எது என்ற கேள்விக்குப் பதில் சொல்லப்போவது மூலக் கோப்பு மட்டுமே.

நான் செய்தது

கேசட்டுகளை ஃபயர்வயரில் எடுத்து, டிவி கோப்புகளாகவே வைத்திருக்கிறேன். எம்டிஎஸ் துண்டுகளை ஒட்டி, மூலக் கோப்புறைகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வைத்து, எடிட்டிங்கைக் கேடென்லைவில் ப்ராக்ஸியோடு செய்தேன். டைம்லைன் முழு எச்டி, விநாடிக்கு 50 ஃபிரேம். கும்மிக் காட்சியையும் இன்னும் நான்கு கேசட் காட்சிகளையும் மட்டும் தனியே உயர்ந்த தரத்தில் டீஇன்டர்லேஸ் செய்து, இடைநிலைக் கோடெக்கில் வைத்துக்கொண்டேன். சில நிமிடக் காட்சிகளே என்பதால் இடம் ஒரு பொருட்டாகவில்லை. பெரிய வட்டும் ஓரளவு பழைய மேக்கும் உள்ளவராக இருந்திருந்தால், எல்லாவற்றையும் புரோரெஸ் எல்டி ஆக்கிக்கொண்டு நிம்மதியாக வெட்டியிருப்பேன். அப்போதும் மூலத்தை அழித்திருக்க மாட்டேன்.

எந்த வழியில் இறங்குவதானாலும், மொத்தப் பதிவையும் மாற்றத் தொடங்குமுன் ஒரு துண்டை எடுத்துச் சோதித்துவிடுங்கள். வேகமாகக் கை அசையும் காட்சியும், மேளமோ கைதட்டலோ உள்ள காட்சியும் அதில் இருக்க வேண்டும். மாற்றிய கோப்பைக் கணினியில் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, விளிம்புகளில் சீப்புப் பற்கள் உள்ளனவா என்று பாருங்கள். பிறகு வீட்டுத் தொலைக்காட்சியில் ஓட்டிப் பாருங்கள். ஒரு மணி நேரக் கோப்பை மாற்றினால், அதன் முதல் நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாமல், கடைசி ஐந்து நிமிடங்களுக்குப் போய், தவில்காரரின் குச்சி தோலில் படும் ஃபிரேமும் ஒலி எழும் ஃபிரேமும் ஒன்றுதானா என்று பாருங்கள்.